சோலார் வாட்டர் ஹீட்டர்: சில ஆண்டுகள் ஓடிய பிறகு

கண்ணாடிக் குழாய் வைத்த சோலார் ஹீட்டரை வாங்கும்போது எல்லோரும் கேட்பது வெயிலைப் பற்றித்தான். ஓட்டிப் பார்த்த பிறகு தொல்லை தருவதோ தண்ணீர்.

முதலில் கணக்கு. 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 60-க்கு ஏற்ற சுமார் 4 யூனிட் மின்சாரம் வேண்டும்; கேஸ் கீசர் என்றால் சுமார் 400 கிராம் எல்பிஜி. 58 மி.மீ. விட்டமும் 1.8 மீட்டர் நீளமும் உள்ள பத்துக் குழாய்கள், நல்ல வெயிலில் இதில் பெரும்பகுதியை முடித்துவிடும். மழைக்காலத்தில் வெதுவெதுப்போடு சரி.

உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் சூடு படிப்படியாகக் குறையும். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியம் உப்பு பிரிந்து, குழாயின் அடியில் வெள்ளைச் சேறாகத் தங்கும். ஒரு குழாய் கொள்வது சுமார் 3 லிட்டர். கழற்றிய குழாயில் லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரை இரவு முழுக்க ஊறவிட்டுக் கழுவினால் போதும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டவே வேண்டாம். அது உள்ளே போனால் ஸ்டீல் தொட்டியின் வெல்டிங் ஓரங்களை அரித்துவிடும். தொட்டி அரிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் கரையும் மெக்னீசியம் தண்டு இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி தெரிகிறது என்றால் மாற்ற வேண்டிய நேரம்.

குழாய் கெட்டதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. கீழ் நுனியில் கண்ணாடி போலப் பளபளக்கும் வெள்ளி நிறப் பூச்சு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால், குழாயின் இரட்டைக் கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே சூட்டைக் காத்த வெற்றிடம் போய்விட்டது. உச்சி வெயிலில் கை வைத்தாலும் தெரியும். நல்ல குழாயின் வெளிப்புறம் அவ்வளவாகச் சுடாது, கெட்டது சுள்ளென்று சுடும்.

மாற்றும் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்நீர் வால்வை மூடி, தொட்டியை முழுதும் வடிக்க வேண்டும், ஏனென்றால் குழாய்கள் நேராகத் தொட்டிக்குள் திறக்கின்றன. குழாயின் நுனியைத் தாங்கும் கீழ்க் கிண்ணத்தை எடுத்து, குழாயைத் திருகியபடி மேலே தள்ளி, பிறகு கீழே இழுங்கள். புதிய குழாயைச் செருகுமுன் ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவாவிட்டால் வளையம் மடிந்து, ஒழுகத் தொடங்கும். காலிக் குழாய் வெயிலில் 200 டிகிரியைத் தாண்டும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் ‘பட்’டென்று வெடிக்கும். பகலில் தண்ணீர் நின்று, குழாய்கள் காலியாகி, மதியம் மறுபடி வந்தால் நடப்பதும் இதுவே. அதனால் வெயிலில் குழாய் காலியாகிவிட்டால் மாலை வரை வால்வைத் திறக்காதீர்கள்.

ஹீட்டர் தொட்டிக்குள் காற்று போய்வரும் ஏர் வென்ட் குழாயின் வாய் மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். குளவி கூடு கட்டி அது அடைபட்டால், வெந்நீர் வேகமாக இறங்கும்போது ஹீட்டர் தொட்டியின் மெல்லிய தகடு உள்ளே ஒடுங்கிவிடும்.

தொட்டிக்குள் இருக்கும் 2 கிலோவாட் மின்சார ஹீட்டரை ‘ஆட்டோ’வில் விடுவதுதான் பெரிய வீண். இரவெல்லாம் மின்சாரத்தில் தண்ணீர் சூடாகிவிடும், காலை வெயிலுக்கு வேலையே இருக்காது. மேகமூட்டமான நாளில், குளிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு போட்டால் போதும். அந்த மின்சாரம் நிலக்கரியில் பிறந்தது என்றால், எரிந்த வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாக வந்திருக்கும். மழைக்காலத்துக்குக் கேஸ் கீசரையே துணையாக வைப்பவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். அதை மட்டும் காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் மாட்டக் கூடாது, கார்பன் மோனாக்சைடு உயிரை எடுக்கும்.

குழாய் வழியின் நீளத்தையும் பலர் மறக்கிறார்கள். 15 மி.மீ. உள்விட்டக் குழாய் 20 மீட்டர் ஓடினால், ஒவ்வொரு முறையும் சுமார் மூன்றரை லிட்டர் குளிர்ந்த நீர் போன பிறகே வெந்நீர் வரும். அதை ஒரு வாளியில் பிடித்து வையுங்கள். வெந்நீர்க் குழாய் முழுவதற்கும் வெப்பக்காப்பு உறை போடுங்கள். வெயில் படும் இடத்தில் உறை சீக்கிரம் பொடிந்துபோகும், அதன் மேல் அலுமினியத் தாள் சுற்றுங்கள்.