உட்லண்ட்ஸிலிருந்து சிலோன் ரோடு கோயிலுக்கு ஒரே ரயிலில்

அம்மாவுக்கு 74 வயது, வலது முழங்காலில் தேய்மானம். மாதா மாதம் சங்கடஹர சதுர்த்திக்கு சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலுக்குப் போயே ஆக வேண்டும். எங்கள் வீடு சிங்கப்பூரின் வடக்கே உட்லண்ட்ஸில், கோயில் தீவின் கிழக்குப் பக்கம். முன்பெல்லாம் பிஷான் நிலையத்தில் ரயில் மாறி, டகோட்டா நிலையத்தில் இறங்கி அப்புறம் பஸ். யாராவது ஒருவர் கூடவே போக வேண்டும், இல்லையென்றால் டாக்சி. 2024 ஜூன் 23ஆம் தேதி தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை மரின் பரேட் வழியாக பேஷோர் வரை நீண்டது. அதற்கப்புறம் அம்மா தனியாகவே போய் வருகிறார். நானும் பல தடவை கூடப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ரயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நன்றாக இருக்கிறது. ஓட்டுநர் இல்லாத நாலு பெட்டி ரயில், ஒவ்வொரு பெட்டியிலும் பக்கத்துக்கு ஐந்து கதவு, அதனால் நெரிசலிலும் இறங்க முண்டியடிக்க வேண்டியதில்லை. உட்லண்ட்ஸிலிருந்து மரின் பரேட் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். எங்கேயும் இறங்கி மாற வேண்டாம் என்பதுதான் பெரிய விஷயம். முழங்கால் வலிக்காரர்களுக்கு ரயிலில் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை, மாறுவதற்காக நடக்கும் பத்து நிமிடம்தான் ஆளை வாட்டும்.

ஆனால் நான் மதிப்பெண் போட வந்தது ரயிலுக்கு இல்லை, ரயிலுக்கு முன்னும் பின்னும் இருக்கும் நடைக்கு. வீட்டுப் பக்கம் முழு மதிப்பெண். எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து நிலையம் வரை கூரை போட்ட நடைபாதை, மழை கொட்டினாலும் குடை விரிக்க வேண்டாம். எம்ஆர்டி என்ற நகர ரயில் நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குள் பள்ளி, மருந்தகம், வீடு எல்லாவற்றையும் கூரைப் பாதையால் இணைக்க வேண்டும் என்று 2013இல் ஒரு திட்டம் அறிவித்து, தீவு முழுக்கக் கட்டினார்கள். கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். சாயங்காலம் நாலு மணிக்கு இடியோடு மழை பிடிக்கும்போது ஒரு வயதானவர் வெளியே கிளம்புவாரா மாட்டாரா என்பதே அந்தக் கூரையில்தான் இருக்கிறது.

மரின் பரேட் பக்கம் கதை கொஞ்சம் வேறு. மின்தூக்கியில் ஏறி வெளியே வந்து, ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டைக் கடந்து சிலோன் ரோட்டுக்குள் போக வேண்டும். அம்மாவின் நடைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் பழைய கடைவீடுகளின் அஞ்சடி, அதாவது முன்பக்க நடைவழி, இருக்கிறது. நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸின் 1822 நகரத் திட்டத்திலேயே கடைக்கு முன்னால் கூரையோடு நடைவழி விட வேண்டும் என்று இருந்தது, வெயிலுக்கு இன்றைக்கும் அதுதான் கைகொடுக்கிறது. குறை என்னவென்றால் ஒவ்வொரு கடைக்கும் தரை ஒவ்வொரு உயரம். இங்கே ஒரு படி இறக்கம், அங்கே அரைப்படி ஏற்றம், நடுவில் பூந்தொட்டி, ஒரு நாற்காலி, சாய்த்து வைத்த சைக்கிள். அம்மா இடது கையால் தூணைப் பிடித்து, இடது காலை முதலில் ஏற்றி, வலது காலை மெதுவாக இழுத்துக்கொள்வார். மூன்று கடை தாண்டினால் ஒரு தரம் நிற்பார். உட்கார ஒரு பெஞ்சு இல்லை.

சாலை கடக்கும் இடத்தில் ஒரு நல்ல வசதியைச் சொல்ல வேண்டும். 2009இல் வந்தது, இன்னும் பல பெரியவர்களுக்குத் தெரியவில்லை. சிக்னல் விளக்குக் கம்பத்தில் இருக்கும் பெட்டியில் மூத்தோர் சலுகை அட்டையைக் காட்டினால், கடக்கலாம் என்று காட்டும் பச்சை மனிதன் விளக்கு கூடுதல் நேரம் நிற்கும், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை. அம்மா அட்டையைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்து, "அவசரப்படாதே, நமக்காக நிற்கும்" என்பார். எல்லாச் சந்திப்பிலும் அந்தப் பெட்டி கிடையாது, கம்பத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் மெல்பர்ன் புறநகரில் இருக்கிறான். பெரிய வீடு, தோட்டம், எலுமிச்சை மரம். போன வருடம் அம்மா மூன்று வாரம் அங்கே இருந்தார். பால் வாங்கக்கூட கார் வேண்டும், பக்கத்துத் தெருவில் நடைபாதை பாதியில் முடிந்துவிடும். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போனால் சாயங்காலம் வரை அம்மா ஜன்னலோரம்தான். போனில் என்னிடம், "வீடு அரண்மனை மாதிரி இருக்கு, ஆனா எங்கேயும் போக முடியலையேம்மா" என்றார். திரும்பி வந்த நாலாம் நாள் சதுர்த்தி, தனியாகக் கிளம்பிவிட்டார்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, இந்தப் பாதையில் நேராகப் போக முடியாது, ஸ்டீவன்ஸில் நீலப் பாதைக்கோ ஊட்ரம் பார்க்கில் ஊதா பாதைக்கோ மாற வேண்டும். ஒருமுறை வேறொரு நிலையத்தில் மின்தூக்கி பழுதுபார்ப்பில் இருந்து, அடுத்தது எங்கே என்று அம்மா தேடி அலைந்தார். அறிவிப்பு கீழே நடைமேடையிலேயே இருந்திருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

கோயில் பக்கம் அந்தக் கால் மணி நேர நடையில் நிழலான இடமாகப் பார்த்து இரண்டு பெஞ்சு போட்டால் போதும். வட்டாரக் குடியிருப்பாளர் சந்திப்பில் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன். அந்தப் பக்கம் நடக்கிறவர்கள் நீங்களும் எழுதிக் கொடுங்கள்.