சேடக்குக்கு நானே அடித்த பெயிண்ட்: மூன்றரை வருடம் கழித்து

அப்பா ஓட்டிய 1999 மாடல் பஜாஜ் சேடக் ஸ்கூட்டர். உடம்பு முழுக்க இரும்புத் தகடு, ஊர் தூத்துக்குடி. உப்புக்காற்றில் அது என்ன கதிக்கு ஆகியிருக்கும் என்று கடலோரக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2021-ல் பட்டறையில் கேட்டபோது பட்டி, பிரைமர், பெயிண்ட் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் என்றார்கள். "பெயிண்டுக்கு இல்ல அண்ணாச்சி, தேய்ப்புக்குத்தான் துட்டு" என்றார் பெயிண்டர். சும்மா பேரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஸ்பிரே கேன் வாங்கப் போய்விட்டேன்.

முதலில் சொதப்பியது நாள் பார்ப்பதில். ஆடியில் கழற்ற ஆரம்பித்தேன். கச்சான் காற்று அள்ளிக்கொண்டு வந்த மண்ணில் மொட்டை மாடியில் எதையும் வைக்க முடியவில்லை. ஐப்பசியில் இரண்டு நாள் வெயில் அடித்ததே என்று பக்கவாட்டு மூடி ஒன்றுக்கு மட்டும் அடித்தேன். காயக் காய நீலத்தின் மேல் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துப்போனது. தின்னர் ஆவியாகும்போது பெயிண்ட் குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்கிறது. அவ்வளவையும் தேய்த்து எடுத்துவிட்டு மாசி வரை காத்திருந்தேன்.

நிறத்தை மாற்றவில்லை. ஆர்.சி.யில் நீலம் என்று இருக்கிறது, மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைய வேண்டும். மெட்டாலிக் பக்கமும் போகவில்லை. கை நடுங்கினால் அதில் திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

தேய்ப்புதான் வேலையே. 80 நம்பர் உப்புத்தாளில் பழைய பெயிண்டை எடுத்து, 220-ல் பட்டியைச் சமப்படுத்தி, 400-ல் பிரைமரைத் தேய்த்து, கடைசியில் சோப்புத் தண்ணீர் விட்டு 1000 நம்பர் வாட்டர் பேப்பர். நான்கு சனி ஞாயிறு போனது, கட்டைவிரல் ரேகையும் போனது. பெயிண்ட் அடித்த நேரம் மொத்தமாகக் கூட்டினால் மூன்று மணி நேரம் வராது. கேனை இரண்டு நிமிஷம் நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, தகட்டுக்கு வெளியிலேயே அழுத்த ஆரம்பித்து மறு ஓரம் தாண்டிய பிறகுதான் விரலை எடுக்க வேண்டும். முதல் பூச்சில் அடியில் இருப்பது தெரியத்தான் செய்யும். அதைப் பொறுக்காமல் மறுபடி அங்கேயே அடித்தேன், ஹார்னுக்குப் பக்கத்தில் கண்ணீர் மாதிரி ஒரு சொட்டு வழிந்து நின்றுவிட்டது. இன்னும் இருக்கிறது.

பிரைமர் மூன்று கேன், நீலம் ஏழு, மேலே அடிக்கிற நிறமில்லாத கிளியர் மூன்று, மற்ற சாமான்களோடு ஐயாயிரத்துச் சொச்சம். கிட்டத்தட்ட நாலாயிரம் மிச்சம்.

இனி இப்போதைய நிலவரம். நான் பயந்த முன்பக்கம் பிரமாதமாக இருக்கிறது. இரண்டாம் வருடம் கொஞ்சம் மங்கியது, பாலிஷ் போட்டதும் திரும்பிவிட்டது. போனது வேறு இரண்டு இடம்.

ஒன்று, சீட்டுக்கு அடியில் டேங்க் வாய். பெட்ரோல் நிரப்பும்போது நாலு சொட்டு சிந்தாத பங்க் உண்டா? சாதாரண கேன் பெயிண்ட் பெட்ரோலுக்குத் தாங்காது. மூன்றாம் மாதமே இளகி, துடைத்த துணியில் நீலம் வந்துவிட்டது. பெயிண்டை இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து வருகிற கிளியர் அடித்திருந்தால் நின்றிருக்கும். ஆனால் அதில் இருக்கும் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் நுரையீரலுக்கு ஆகாது, துணி மாஸ்க் அதற்குப் போதாது. ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வாங்கச் சோம்பல்பட்டு அதை விட்டேன்.

இன்னொன்று, கால் வைக்கும் தளம். அங்கே துருவை முழுக்கச் சுரண்டாமல், குழி தெரிந்த இடத்தில் பட்டியை அப்பி மூடிவிட்டேன். பட்டி ஈரத்தை உறிஞ்சும். மேலே ரப்பர் மேட் வேறு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. எட்டாம் மாதம் கொப்புளம் மாதிரி கிளம்பியது. நகத்தால் குத்தினால் பட்டி அப்பளமாகக் கழன்று வருகிறது, அடியில் செம்மண் நிறத்தில் தூள். அப்போதுதான் அந்தப் பெயிண்டர் சொன்னது காதில் விழுந்தது.

யாரும் சொல்லாத ஒரு தொல்லை: 2024-ல் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) புதுப்பிக்கப் போனபோது சேசிஸ் நம்பரைப் பென்சில் தேய்த்துப் பிரதி எடுக்க முடியவில்லை. என் பிரைமரும் நீலமும் எழுத்துகளின் பள்ளத்தை நிரப்பியிருந்தன. வெயிலில் குந்தி உட்கார்ந்து தின்னர் துணியால் அரைமணி நேரம் துடைத்தேன். அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள்.

வருகிற மாசியில் தளத்தை மட்டும் அதே பட்டறையில் விடப்போகிறேன், கேட்கிற துட்டுக்கு. டேங்க் வாயும் அவர்களிடமே. பக்கவாட்டு மூடிகளுக்கு நானே மறுபடி அடிக்கலாம் என்றால், மிச்சம் வைத்த அரை கேன் நீலம் வாய் அடைத்துக் கிடக்கிறது. வேலை முடிந்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை ஒரு அழுத்து அழுத்தி வைக்க மறந்துவிட்டேன்.