உப்புவெளிக் கஃபேயா, டச்பே கரையா: கோப்பிக் காசை எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

போன சுற்றுலா சீசனில் நானும் என் தோழியும் வாரத்துக்கு மூன்று நாள் எங்கள் திருகோணமலை டவுனுக்குப் பக்கத்தில் இருக்கும் உப்புவெளிக்குப் போனோம். வேலை முடிந்ததும் அவளுடைய ஸ்கூட்டியில் நிலாவெளி வீதியால் போய், கடற்கரைப் பக்கமாகத் திரும்பி, மணலில் கதிரை போட்ட ஒரு கஃபேயில் இருட்டும் வரை இருப்போம். என் பங்குக்கு ஒரு ஐஸ் கோப்பி 900 ரூபாய், ஒரு துண்டு கேக் 700, அதற்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணம். மொத்தம் 1,760. ஒருநாளும் இது பெரிய காசாகத் தெரியவில்லை. நான்கு வாரத்தைக் கூட்டிப் பார்த்தபோது 21,120 வந்தது. நான் கட்டும் சீட்டுக் காசை விட அது கூட.

வீட்டில் சொன்னதும் அண்ணா கேட்டார்: “பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில தேத்தண்ணிக் கடை இருக்கே, அங்க குடிச்சா என்ன?”

காசை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. பிளேன்டீயும் சுடச்சுட ஒரு உளுந்து வடையும் 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ருசியிலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோப்பி கேட்டால் அநேகமாக உடனடிக் கோப்பித் தூளில் சீனியை அள்ளிப் போட்டுத்தான் தருவார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பித் தோட்டங்கள் அழியத் தொடங்கிய பிறகு இலங்கை தேயிலை நாடாகிவிட்டது. கடைக்காரர்களின் கையும் தேத்தண்ணிக்குப் பழகிய கை. அங்கே போனால் தேத்தண்ணி குடிப்பதுதான் நல்லது.

எனக்கு இருக்கும் தடை வேறு. எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடைகளில் அண்ணா ஒரு மணித்தியாலம் பேப்பர் விரித்துக்கொண்டு இருக்கலாம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இரண்டு பெண்கள் அதே வாங்கில் இருந்து கதைத்தால் பத்து நிமிடத்தில் கடை முழுக்க எங்களைப் பார்க்கும். முதலாளி ஐயா மரியாதையாகத்தான் “வேற ஏதும் வேணுமோ பிள்ளை?” என்று கேட்பார், நாங்கள் எழும்பிவிடுவோம். கஃபேயில் எங்களை யாரும் எழுப்புவதில்லை. கஃபேக்குப் போவது வீண்செலவு என்று சொல்கிறவர்கள் இந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதனால் கஃபேயை முழுதாக விடுவது என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை. அங்கே எதற்குக் காசு கொடுப்பது, எதற்குக் கொடுக்கக் கூடாது என்று பார்த்தேன்.

முதலில் ஐஸ் கோப்பியை எடுத்துக்கொள்வோம். கல்யாண வீட்டிலும் பிறந்தநாளிலும் வாளிக் கணக்கில் போட்டுக் கொடுக்கிற சாமான் இது. கடும் கோப்பி, டின்பால், கொஞ்சம் வனிலா, ஒரு சிட்டிகை உப்பு போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். இன்னும் நன்றாக வேண்டுமென்றால் ஒரு பங்கு கோப்பித் தூளுக்கு எட்டுப் பங்கு பச்சைத் தண்ணீர் ஊற்றி, 12 மணித்தியாலம் ஃபிரிட்ஜில் ஊறவிட்டு வடிக்க வேண்டும். கசப்பும் புளிப்பும் குறைந்து வரும், பாலோடு சேர்த்தால் திருகோணமலை வெயிலுக்கு அதைவிட வேறொன்று வேண்டாம். கஃபேயில் வாங்கும் கிளாஸில் பாதி ஐஸ்கட்டி. வீட்டில் இதைவிட நன்றாகச் செய்ய முடிகிற ஒன்றுக்கு 900 ரூபாய் கொடுத்ததுதான் என்னுடைய பெரிய நட்டம்.

கப்புச்சினோ அப்படி இல்லை. எஸ்பிரெசோ மெஷின் ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் தண்ணீரைக் கோப்பித் தூளுக்குள்ளால் தள்ளுகிறது. அடுப்பில் வைக்கும் மோக்கா பாத்திரத்தில் ஒன்று, இரண்டு பார்தான் வரும். கோப்பி கடுமையாக இருக்கும், ஆனால் மேலே அந்தப் பொன்னிற நுரை கட்டாது. பாலை நீராவியில் பட்டுப்போல் நுரைக்க வைப்பதும் வீட்டில் கைகூடவில்லை. பால்மாவைக் கரைத்துக் கரண்டியால் அடித்தும் பார்த்தேன், பெரிய பெரிய குமிழிகள்தான் வந்தன. ஆகவே கஃபேக்குப் போனால் கப்புச்சினோ, இல்லாவிட்டால் லாட்டே. சேவைக் கட்டணத்தோடு 825 ரூபாய். அந்தக் காசு எனக்கு உறுத்துவதில்லை.

கேக்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. டவுன் பேக்கரியில் பற்றீஸோ ரோல்ஸோ சாப்பிட்டுவிட்டுப் போனால் கேக் கேட்கத் தோன்றாது. பசியோடு போகிற நாளில்தான் பில் ஏறுகிறது. பேக்கரிகளில் இருக்கும் கோப்பி மெஷினையும் சிலர் மலிவு என்பார்கள். மலிவுதான், ஆனால் கடதாசிக் கப்பில் வருகிற அந்தச் சீனித் தண்ணீரை நின்றபடி குடித்துவிட்டு வருவது எனக்குக் கஃபேக்கு ஈடாகாது.

கஃபேக்கு உண்மையான போட்டி திருகோணமலை டவுனிலேயே இருக்கும் டச்பே கடற்கரைதான். சுடுதண்ணிப் போத்தலில் கோப்பி ஊற்றிக்கொண்டு போய் அங்கே இருப்பது. பின்னேரம் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், முன்னால் கடல், இடது கைப் பக்கம் கோட்டை மலை. கோணேசர் கோவில் மணிச் சத்தம் காற்றோடு வருகிற நாளும் உண்டு. குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து இருப்பதால் இரண்டு பெண்கள் இருப்பதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. புள்ளிமான்கள் பையை மோப்பம் பிடித்துக்கொண்டு கிட்ட வரும். தயவுசெய்து பிஸ்கட் கொடுக்காதீர்கள், பொலித்தீன் பையையும் கீழே விடாதீர்கள், அவை அதையும் தின்றுவிடுகின்றன.

செலவு? நான் 250 கிராம் அரைத்த கோப்பியை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு ஆளுக்கு 15 கிராம் போட்டால் 16 கோப்பி, ஒன்று 75 ரூபாய். பாலும் சீனியும் சேர்ந்தாலும் 150ஐத் தாண்டாது. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: பால் கலந்து போத்தலில் ஊற்றினால் ஒரு மணித்தியாலத்தில் ருசி மாறிவிடுகிறது. நான் வெறுங்கோப்பியாகக் கொண்டுபோய் அங்கேதான் பால் கலப்பேன். அம்மா வறுத்து இடிக்கும் மல்லிக் கோப்பிக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. மல்லி, வேர்க்கொம்பு, மிளகு எல்லாம் சேர்ந்த அந்தத் தூளுக்குப் பால் தேவையில்லை, நேரம் போகப் போக மணம் கூடத்தான் செய்யும்.

டச்பேயில் கஃபேயை வெல்ல முடியாத இடங்களும் உண்டு. கழிப்பறை பக்கத்தில் இல்லை. ஃபோன் சார்ஜ் போட முடியாது. லப்டொப்பை மணலில் விரிக்க முடியாது. யாராவது ஒருத்திக்கு மனம் சரியில்லாத நாளில், அழவேண்டி வந்தால், கஃபேயின் மூலை மேசைதான் வேண்டும். கரையில் எப்படியும் தெரிந்தவர் ஒருவர் வந்து “என்ன பிள்ளை, அம்மா சுகமோ?” என்று கேட்டுவிடுவார்.

இப்போது எங்கள் ஒழுங்கு இதுதான்: மாதத்தில் இரண்டு நாள் உப்புவெளி, ஆளுக்கு ஒரு கப்புச்சினோ. மற்ற நாட்களில் ஏழெட்டுத் தடவை டச்பே. கஃபேக்கு 1,650, கரைக்கு 1,200, மொத்தம் மூவாயிரத்துக்குள். சந்திக்கிற நாட்கள் கொஞ்சம்தான் குறைந்திருக்கின்றன.

கார்த்திகை பிறந்து வாடைக்காற்றும் மழையும் வந்தால் கரையில் இருக்க முடியாது. உப்புவெளியிலும் சீசனோடு சில கடைகள் பூட்டிவிடும். திறந்திருக்கும் ஒன்றிரண்டில் வெளிநாட்டுக்காரரும் இருக்கமாட்டார்கள், எந்த மேசையிலும் எவ்வளவு நேரமும் இருக்கலாம். மிச்சம் பிடித்த காசில் அப்போது இன்னும் இரண்டு நாள் கூடப் போவோம். கூரையில் மழை கொட்டும்போது கேக்கும் சொல்லுவோம், ஒரு துண்டு, இரண்டு கரண்டி.