வீட்டு மீடியா சர்வருக்கு நாஸ்: ஆறரை வருடம் ஓட்டிய அனுபவம்

நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து எல்லோரும் பயன்படுத்தும் டிரைவ் பெட்டி) வாங்கப் போகிறேன், எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "உங்கள் டிவி என்ன டிவி?" பிராசசர், ரேம், எத்தனை டிரைவ் என்று பேச வந்தவர்கள் கொஞ்சம் குழம்பிப்போவார்கள். ஆறரை வருடமாக வீட்டில் மீடியா சர்வர் ஓட்டுகிறேன். இது இரண்டாவது நாஸ். முதல் நாஸை மாற்ற வேண்டி வந்ததும், இரண்டாவதன் பிராசசருக்குப் பெரும்பாலான நாள் வேலையே இல்லாமல் போனதும், படத்தைக் காட்டும் சாதனத்தால்தான். அதனால்தான் அந்தக் கேள்வி.

முதலில் வாங்கியது இரண்டு டிரைவ் போடக்கூடிய சின்னப் பெட்டி. போன்களில் இருப்பது போன்ற ஏஆர்எம் வகை பிராசசர், 1 ஜிபி ரேம். போட்டோக்களும் பழைய குடும்ப வீடியோக்களும் நாலு பென்டிரைவிலும் மூன்று லேப்டாப்பிலும் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் அப்போதைய தேவை. அந்த வேலையை அது குறையில்லாமல் செய்தது. பிறகு, வாங்கிச் சேர்த்திருந்த ப்ளூரே டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக ஃபைலாக மாற்றி அதில் ஏற்ற ஆரம்பித்தேன்.

ஒரு நாள் இரவு அம்மாவுக்காக ஒரு படம் போட்டேன். அரை மணி நேரம் அருமையாக ஓடியது. வசனம் சரியாகக் காதில் விழவில்லை, கீழே எழுத்து வருமா என்று கேட்டார். சப்டைட்டிலை ஆன் செய்தேன். படம் நின்றுவிட்டது. திரை நடுவில் வட்டம் சுற்றுகிறது, இரண்டு நொடி ஓடுகிறது, மறுபடி வட்டம். சப்டைட்டிலை அணைத்தால் உடனே சரியாகிவிடுகிறது. முதலில் வைஃபையைச் சந்தேகப்பட்டேன், பிறகு ரவுட்டரை, பிறகு டிரைவை. இரண்டு வாரம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது.

ப்ளூரே டிஸ்க்கில் வரும் சப்டைட்டில் எழுத்தாக இருப்பதில்லை. பிஜிஎஸ் என்ற வகையில், ஒவ்வொரு வரியும் ஒரு படமாக இருக்கிறது. என் டிவியில் இருந்த ஆப்புக்கு அதைத் தனியாகக் காட்டத் தெரியாது. அதனால் சர்வர் வீடியோவைப் பிரித்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் சப்டைட்டிலைப் பதித்து, மறுபடியும் சுருக்கி (என்கோட் செய்து) அனுப்ப வேண்டும். இதுதான் டிரான்ஸ்கோடிங். அந்தச் சின்ன ஏஆர்எம் சிப்பால் இது நடக்கிற காரியமில்லை. சப்டைட்டில் இல்லாதபோது ஃபைலை இருந்தபடியே எடுத்துக் கொடுக்கிறது; டைரக்ட் பிளே என்பார்கள். அதற்கு பிராசசர் சக்தி கிட்டத்தட்டத் தேவையே இல்லை. ஒரே படம், ஒரே பெட்டி, ஒரே டிவி. ஒரு பட்டனை அழுத்தியதும் வேலை அடியோடு மாறிவிட்டது.

இது புரிந்ததும் நான் போன வழி, எல்லோரும் போகிற வழிதான்: பலமான நாஸ் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். நான்கரை வருடத்துக்கு முன் வந்தது இரண்டாவது பெட்டி. நான்கு டிரைவ் இடம், இன்டெல் செலரான் ஜே4125. இந்த சிப்பைத் தேடிப் போனதற்குக் காரணம் குவிக் சிங்க். வீடியோவைப் பிரிக்கவும் (டீகோட்) சுருக்கவும் (என்கோட்) என்றே கிராஃபிக்ஸ் பகுதியில் இருக்கும் தனிச் சுற்று அது. 2011ல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறை சிப்களில் வந்தது. 10 வாட் சிப்பாக இருந்தாலும் 4கே ஹெச்இவிசி 10 பிட் (4கே படங்கள் வழக்கமாக வரும் வகை) வீடியோவைச் சுருக்கி அனுப்பிவிடுகிறது.

விவரப் பட்டியலை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இங்கேதான் தவறிவிடுகிறார்கள். புதியது, வேகமானது என்றால் மீடியாவுக்கும் நல்லது என்று நினைத்துவிடுகிறோம். நாஸ் தயாரிக்கும் சினாலஜி நிறுவனத்தின் டிஎஸ்920+ பெட்டியில் இதே ஜே4125 இருந்தது. அதற்கு அடுத்து வந்த டிஎஸ்923+ பெட்டியில் ஏஎம்டி ரைசன் ஆர்1600. ஃபைல் சர்வராகப் பார்த்தால் நல்ல சிப். ஆனால் அதற்குள் கிராஃபிக்ஸ் பகுதியே கிடையாது, அதனால் ஹார்டுவேர் டிரான்ஸ்கோடிங்கும் கிடையாது. மாடல் எண் ஏறிவிட்டது என்று பார்த்து மீடியாவுக்காக வாங்கினால் ஏமாற்றம்தான். பெட்டியின் பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் சிப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். இன்று வாங்கினால் இன்டெல் என்100 போன்ற சிப் இருக்கிறதா என்று பார்ப்பேன். 6 வாட்தான், ஏவி1 என்ற புதிய வகை வீடியோவையும் டீகோட் செய்யும். என் ஜே4125க்கு அது தெரியாது.

மீடியா சர்வர் மென்பொருளாக நான் ஓட்டுவது ஜெல்லிஃபின். 2018 டிசம்பரில் எம்பி (Emby) என்ற இன்னொரு மென்பொருளிலிருந்து பிரிந்த இலவச, திறந்த மூலத் திட்டம். முதல் நாஸில் இதே வேலைக்கு பிளெக்ஸ் ஓட்டினேன். அதன் ஆப் இன்றும் அழகானது, அமைப்பதும் எளிது. ஆனால் பிளெக்ஸில் ஹார்டுவேர் டிரான்ஸ்கோடிங் வேண்டுமென்றால் பிளெக்ஸ் பாஸ் வாங்க வேண்டும். 2025 ஏப்ரல் கடைசியிலிருந்து வீட்டுக்கு வெளியே இருந்து பார்ப்பதற்கும் கட்டணம். அதைக் கட்டுவதில் சிரமமில்லை என்றால் தாராளமாகப் போகலாம். நாஸ் நிறுவனமே தரும் வீடியோ ஆப்பை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்பேன். சினாலஜி 2024ல் டிஎஸ்எம் என்ற தன் நாஸ் இயங்குதளத்தின் 7.2.2 பதிப்போடு வீடியோ ஸ்டேஷனை நிறுத்திவிட்டது. எந்தப் பெட்டிக்கும் தூக்கிக்கொண்டு போகக்கூடிய மென்பொருளாக இருந்தால் நமக்கு நிம்மதி.

ஜெல்லிஃபினை டாக்கரில் (மென்பொருளை கன்டெய்னர் என்ற தனிப் பொட்டலமாக ஓட்டும் வழி) ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம். நாஸின் கிராஃபிக்ஸ் சாதனத்தை கன்டெய்னருக்குள் தெரியும்படி கொடுத்துவிட்டு, செட்டிங்கிலும் குவிக் சிங்க்கைத் தேர்வு செய்ய வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் எல்லாப் பாரமும் சிபியு மேல் விழுந்து 100% காட்டும். சிப் போதவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

சரி, பலமான நாஸ் வந்தது, அம்மாவுக்கு சப்டைட்டிலோடு படம் ஓடியது. அடுத்த ஒரு வருடத்தில் டிவிக்குக் கீழே ஒரு ஸ்ட்ரீமிங் பாக்ஸ் வாங்கி வைத்தேன். அதற்கு 4கே ஹெச்இவிசியும் தெரியும், பிஜிஎஸ் சப்டைட்டிலும் தெரியும், டிடிஎஸ் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு அப்படியே அனுப்பவும் தெரியும். அன்றிலிருந்து ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் திறந்தால் ஹாலில் ஓடும் படத்துக்குப் பக்கத்தில் டைரக்ட் பிளே என்றே இருக்கிறது. எதற்காக அவ்வளவு தேடி அந்த சிப்பை வாங்கினேனோ அந்த வேலை, வெளியூரில் இருக்கும்போது போனில் பார்ப்பதற்கும், ஒரு பழைய டேப்லெட்டுக்கும் மட்டும் என்று சுருங்கிவிட்டது. நாஸோடு ஒப்பிட்டால் அந்த பாக்ஸின் விலை சின்னது. முதலிலேயே அதை வாங்கியிருந்தால் பழைய ஏஆர்எம் பெட்டியே ஹாலுக்குப் போதும்; மிச்சப்பட்ட பணத்தில் கூடுதல் டிரைவ் வாங்கியிருப்பேன்.

டிவி பற்றி இன்னொன்று. பல ஸ்மார்ட் டிவிகளின் ஈதர்நெட் போர்ட் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்)தான், விலை உயர்ந்த டிவிகளில்கூட. 4கே ப்ளூரேயின் உச்ச வேகம் 128 எம்பிபிஎஸ் வரை போகலாம். கேபிள்தான் எப்போதும் மேல் என்று நம்பி டிவி வரைக்கும் கேபிள் இழுத்தேன். அடர்த்தியான காட்சிகளில் படம் திக்கியது. கேபிளைப் பிடுங்கிவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போட்டதும் சீராக ஓடியது. நாஸுக்கும் ரவுட்டருக்கும் நடுவே மட்டும் கேபிள் கட்டாயம். அங்கே 1 கிகாபிட்டே போதும், நொடிக்கு 110 மெகாபைட் போல (ஒரு மெகாபைட் எட்டு மெகாபிட்) நிஜத்தில் கிடைக்கும். 2.5 கிகாபிட் இருந்தால் பெரிய ஃபைல்களை ஏற்றும்போது சௌகரியம், படம் பார்ப்பதில் வித்தியாசம் தெரியாது.

பிராசசரை விட எனக்கு முக்கியமாகப் படுவது டிரைவ் இடங்களின் எண்ணிக்கை. இரண்டு டிரைவ் பெட்டியில் ரெய்டு 1 (இரண்டு டிரைவிலும் ஒரே நகல்) போட்டால் பாதிக் கொள்ளளவு போய்விடும். இடம் நிறைந்ததும் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். நான்கு இடம் இருந்தால் ரெய்டு 5ல் ஒரு டிரைவ் அளவுதான் காப்புக்குப் போகும், முக்கால்வாசி நமக்கு. இரண்டு டிரைவில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சேர்த்தும் போகலாம். இடம் எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பது முதலில் புரியாது. டிஸ்க்கில் இருந்தபடியே, மேலும் சுருக்காமல் எடுத்த 4கே படம் ஒன்று 50 முதல் 80 ஜிபி. ஐபோனில் 4கே, நொடிக்கு 30 ஃபிரேம், ஹெச்இவிசியில் எடுத்தால் நிமிடத்துக்கு 170 எம்பி, மணிக்கு 10 ஜிபி. 4 டிபி என்று வாங்கும் டிரைவ் கணினிக் கணக்கில் 3.6 என்றுதான் காட்டும்.

டிரைவ் விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். மூன்றாம் வருடம் ஒரு டிரைவ் செத்தது. அவசரத்தில், அலமாரியில் இருந்த ஒரு டெஸ்க்டாப் டிரைவைப் போட்டு ரீபில்ட் (இழந்த தரவைப் புது டிரைவில் மறுபடி எழுதும் வேலை) ஆரம்பித்தேன். வழக்கமாக 8 டிபி டிரைவுக்கு ஒரு நாளுக்குள் முடிய வேண்டிய வேலை. முதல் சில மணி நேரம் வேகமாக ஓடிவிட்டு அப்புறம் ஊர ஆரம்பித்தது. நான்கு நாள் ஆகியும் பாதியில் நின்றது. அது எஸ்எம்ஆர் டிரைவ். ஓட்டு வேய்வதுபோல் ஒரு தடத்தின் ஓரத்தில் அடுத்த தடத்தை ஏற்றி எழுதுவார்கள். அதனால் நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எழுதியாக வேண்டும். தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்கும் ரீபில்டுக்கு அது ஒத்துவராது. அந்த நான்கு நாளும் இன்னொரு டிரைவ் போனால் எல்லாம் போயிற்று என்ற நிலை. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாத சிஎம்ஆர் டிரைவ் வந்து சேர்ந்ததும் மாற்றினேன், பதினாறு மணி நேரத்தில் முடிந்தது. நாஸுக்கென்று விற்கப்பட்ட டிரைவ்களிலேயே சிலவற்றில் எஸ்எம்ஆர் இருந்தது 2020ல் வெளியே வந்தது. அதனால் பெட்டியில் நாஸ் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், அந்த மாடல் எண்ணுக்கு சிஎம்ஆர் என்று நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மாதிரி டிரைவ் ஒன்றைக் கையில் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று நானும் இருந்தேன். வீட்டில் ஒருவர் தெரியாமல் குடும்ப வீடியோ ஃபோல்டர் ஒன்றை அழித்துவிட்டார். அப்பா இருந்த காலத்தில் எடுத்த வீடியோக்கள் அதில் இருந்தன. ரெய்டு, சொன்னதைச் செய்யும். அழிக்கச் சொன்னால் எல்லா டிரைவிலும் ஒரே நேரத்தில் அழிக்கும். பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் தினமும் ஸ்னாப்ஷாட் (ஃபைல்கள் அந்த நேரம் இருந்த நிலையின் பதிவு) எடுக்கும்படி எப்போதோ அமைத்திருந்தேன். முந்தைய நாள் ஸ்னாப்ஷாட்டிலிருந்து எல்லாம் திரும்ப வந்தது. கை நடுக்கம் நிற்க நேரம் பிடித்தது. அந்த வாரமே பழைய ஏஆர்எம் நாஸைத் தூசு தட்டி, அண்ணன் வீட்டில் வைத்து, ஒவ்வொரு இரவும் குடும்ப வீடியோவும் போட்டோவும் மட்டும் அங்கே நகலாகும்படி செய்தேன். சினிமாப் படங்களுக்கு பேக்கப் இல்லை. டிஸ்க் அலமாரியில் இருக்கிறது, போனால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

நாஸை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்க வேண்டாம். 2021ல் கியூலாக்கர், 2022ல் டெட்போல்ட் என்று வெளியே தெரியும்படி இருந்த நாஸ்களைத் தேடிப் பூட்டிப் பணம் கேட்ட தாக்குதல்கள் வந்தன. நான் வயர்கார்டு விபிஎன் என்ற பாதுகாப்பான தனி வழியாக மட்டும் வெளியிலிருந்து நுழைகிறேன். யுபிஎஸ் கட்டாயம். யுஎஸ்பி வயரால் நாஸோடு இணைத்துவிட்டால், மின்சாரம் போய் பேட்டரி குறையும்போது அதுவே முறையாக அணைந்துகொள்ளும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. லினக்ஸ் ஃபைல் சிஸ்டங்களில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் 3 பைட். 'கு' என்பது ககரமும் உகரக் குறியும் சேர்ந்து 6 பைட். ஆக 85 குறியீடுதான் வரும்; நீளமான வீடியோ தலைப்புகள் நகலாகாமல் நின்றதற்குக் காரணம் இதுதான். சர்வரே பதித்து அனுப்பும் தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால், ஜெல்லிஃபினில் மாற்று எழுத்துரு அமைப்பை இயக்கி ஒரு தமிழ் ஃபான்ட்டைக் கொடுங்கள்.

சத்தம் குறித்து யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பெரிய கொள்ளளவு டிரைவ்கள் நிமிடத்துக்கு 7200 சுற்றில் ஓடும்போது கரகரவென்ற ஒலி ராத்திரியில் நன்றாகவே கேட்கும். ஹாலிலிருந்து ரவுட்டர் இருக்கும் அறைக்கு மாற்றினேன், அடியில் ரப்பர் விரிப்பும் போட்டேன். ஜெல்லிஃபினின் டேட்டாபேஸையும் போஸ்டர்களையும் ஒரு எஸ்எஸ்டிக்கு மாற்றியதில் பட்டியல் சட்டென்று திறக்கிறது, டிரைவ்களும் நடுவில் ஓய்வெடுக்கின்றன. மின்சாரம் என் அளவில் சராசரி 30 வாட், வருடத்துக்கு 263 யூனிட்.

இப்போது பழைய டிரைவ்கள் 39,000 மணி நேரத்தைத் தாண்டிவிட்டன. போன வாரம் ஒன்றின் ஸ்மார்ட் அறிக்கையில் (டிரைவ் தன் நலம் பற்றித் தானே தருவது) பழுதாகி மாற்றி ஒதுக்கிய செக்டார்கள் பூஜ்ஜியத்திலிருந்து எட்டுக்கு ஏறியிருக்கின்றன. உபரி சிஎம்ஆர் டிரைவ் தயாராக இருக்கிறது. அண்ணன் வீட்டு நகல் நேற்று இரவு முடிந்ததைப் பார்த்துவிட்டேன், இந்த சனிக்கிழமை மாற்றுகிறேன்.