கடற்படையா, மலையிலேயே இசையா? ப்ளஸ் டூ முடித்த நீலகிரிப் பிள்ளைகளுக்கு

குன்னூர், கோத்தகிரி பக்கம் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, வீட்டில் ஒரு கிதாரோ கீபோர்டோ வைத்துக்கொண்டு, "நேவியில் சேர்ந்தால் என் மியூசிக் என்னாகும்?" என்று கேட்கிற பிள்ளைகள் நிறைய. யூனிஃபார்ம் நமக்குப் புதிதில்லை. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் இருக்கிறது, முப்படை அதிகாரிகளும் வந்து படிக்கிற ஸ்டாஃப் காலேஜும் இருக்கிறது. கடல்தான் புதிது. நான் இங்கே வயலின் சொல்லித்தருகிறேன், இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் வாய்வார்த்தையாகச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது "பழக நேரம் கிடைக்குமா" என்பதுதான். எங்கே போனாலும் கொஞ்சம் நேரம் கிடைக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் இசை தனியாக நடப்பதா, நாலு பேரோடு சேர்ந்து நடப்பதா என்று முதலில் யோசியுங்கள். முக்கால்வாசிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

முதல் வழி, அக்னிவீர் எஸ்.எஸ்.ஆர்., அதாவது நாலு வருஷத்துக்கு ஆள் எடுக்கிற அக்னிவீர் திட்டத்தில் ப்ளஸ் டூ முடித்தவர்கள் மாலுமியாகச் சேர்வது. ப்ளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும், வயது பதினேழரையிலிருந்து 21, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. நாலு வருஷ வேலை, அதன் முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். 2022 ஜூனில் திட்டத்தை அறிவித்தபோதே இது சொல்லப்பட்டது, ஆனாலும் நம் ஊரில் பலர் இன்னும் "கவர்மென்ட் வேலை, ரிட்டயர் ஆகும்வரை கவலையில்லை" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நினைத்துப் போகாதீர்கள். பயிற்சி ஒடிசாவில், சிலிகா ஏரிக்கரையில் இருக்கிற ஐ.என்.எஸ். சில்காவில். அந்த மாதங்களில் வாத்தியத்தை மறந்துவிட வேண்டியதுதான். நீச்சல், பரேடு, வகுப்பு, ஓட்டம், தூக்கம் என்று நாள் போய்விடும். நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது, இந்தக் குளிர்த் தண்ணீரில் யார் இறங்குவது? பயப்பட வேண்டாம், அங்கே கற்றுத்தருவார்கள்.

அதற்குப் பிறகு கப்பலில் ஏறினால் என்ன ஆகும் என்பதைத்தான் பலர் கற்பனை செய்து பார்ப்பதில்லை. அடுக்கடுக்கான படுக்கை, சின்ன லாக்கர், பக்கத்தில் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்குகிற ஆள். இதில் டிரம்ஸ் நடக்காது, வயலினும் கஷ்டம். ஹெட்போன் போட்டு வாசிக்கிற சின்ன கீபோர்டு, மவுத் ஆர்கன், புல்லாங்குழல், அடக்கி வாசிக்க முடிந்தால் ஒரு சின்ன கிதார், இவ்வளவுதான் ஓடும். வாத்தியத்தின் உடம்பையும் யோசிக்க வேண்டும். இங்கே மழைக்காலத்தில் வயலினின் பிருடை, அதாவது தந்தியை முறுக்குகிற மர ஆணி, ஈரத்தில் ஊதி, திருகவே முடியாமல் இறுகிக்கொள்ளும். அதே வயலினை ஏப்ரல் வெயிலில் மேட்டுப்பாளையம் இறக்கினால் மரம் காய்ந்து பிருடை நழுவி, நாலு தந்தியும் தொளதொளவென்று தொங்கும். ஒரே நாளில் இது நடப்பதை என் மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள். கடலில் இதோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும், இரும்புக் கம்பிகள் துருப்பிடிக்க நாளாகாது. கிதார்தான் என்றால் நைலான் தந்தி போட்டது கொண்டுபோங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், விலை உயர்ந்த வாத்தியத்தை வீட்டில் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போங்கள்.

இந்த வழியில் ஒரு பெரிய லாபமும் இருக்கிறது. கரையில் போஸ்டிங் கிடைக்கும் காலங்களில் நீங்கள் பெரும்பாலும் கொச்சியிலோ விசாகப்பட்டினத்திலோ மும்பையிலோ இருப்பீர்கள். அங்கே ஆசிரியர்கள், கச்சேரிகள், வாத்தியக் கடைகள், கூடச் சேர்ந்து வாசிக்க ஆட்கள் எல்லாம் இருக்கிறார்கள். நல்ல ஆசிரியர் வேண்டுமென்றால் கோவைக்கு இறங்கி ஏற வேண்டிய நம் பிள்ளைகளுக்கு இது சாதாரண விஷயமில்லை.

இரண்டாவது வழி, எம்.ஆர். மியூசிஷியன், அதாவது கடற்படை பேண்டு. இதைப் பற்றித் தெரிந்தவர்கள் இங்கே மிகக் குறைவு, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு போதும். இதுவும் அக்னிவீர்தான், அதே நாலு வருஷம், அதே 25 சதவீதம். ஆனால் தேர்வில் இசை பார்க்கிறார்கள். தாளம், சுருதி சரியாக ஒரு முழுப் பாட்டுப் பாட வேண்டும், ஏதாவது ஒரு வாத்தியம் வாசித்துக் காட்ட வேண்டும், அது நம் நாட்டு வாத்தியமாகவும் இருக்கலாம், மேல்நாட்டு வாத்தியமாகவும் இருக்கலாம். வாத்தியத்துக்கு நீங்களே சுருதி சேர்க்க வேண்டும், அவர்கள் கொடுக்கிற தெரியாத ஸ்வரத்தைக் கேட்டு அதை உங்கள் வாத்தியத்தில் பிடிக்க வேண்டும். போனில் டியூனர் ஆப் பார்த்தே சுருதி சேர்த்துப் பழகிய பிள்ளைகள் மாட்டிக்கொள்கிற இடம் அதுதான். யோசனை இருந்தால் இன்றிலிருந்தே ஆப்பை மூடிவிட்டுக் காதால் சேர்த்துப் பழகுங்கள்.

சேர்ந்தவர்கள் சில்கா முடித்து மும்பையில் ஐ.என்.எஸ். குஞ்சாலியில் இருக்கிற கடற்படை இசைப் பள்ளிக்குப் போகிறார்கள். இந்தியக் கடற்படை பேண்டு 1945-லிருந்து இருக்கிறது. ஜனவரி 29 அன்று டெல்லி விஜய் சவுக்கில் குடியரசு தின விழாவின் முடிவாக நடக்கிற பீட்டிங் ரிட்ரீட்டில் வாசிப்பவர்களில் இவர்களும் உண்டு. அங்கே கிடைப்பது நொட்டேஷன் படிக்கிற பழக்கம், ஊதுகிற வாத்தியங்கள், ஐம்பது பேர் ஒரே மூச்சில் ஆரம்பித்து ஒரே மூச்சில் நிறுத்துகிற ஒழுங்கு. இந்த மூன்றையும் மலையில் உட்கார்ந்துகொண்டு கற்க வழியில்லை என்றே சொல்வேன், இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில்.

விலையும் உண்டு. எதை வாசிப்பது என்பது உங்கள் கையில் இல்லை. மார்ச் இசை, அணிவகுப்பு, விழா, மறுபடி மார்ச். பிடித்த பாட்டை ராத்திரி வாசித்து மனசை ஆற்றிக்கொள்கிற ஆளுக்கு, பகல் முழுக்க டியூட்டியாக வாசித்தபிறகு ராத்திரி அந்த ஆசை மிஞ்சுமா என்பது பெரிய கேள்வி. இசை உங்களுக்கு ஓய்வு என்றால் பேண்டில் சேராதீர்கள், எஸ்.எஸ்.ஆர். போங்கள். இசை உங்களுக்குப் பசி என்றால் பேண்டுதான். இடங்கள் கொஞ்சம்தான், இதை மட்டும் நம்பி ஒரு வருஷத்தை வீணாக்க வேண்டாம்.

பெண் பிள்ளைகளும் தாராளமாக யோசிக்கலாம். 2023 மார்ச்சில் சில்காவில் பயிற்சி முடித்த முதல் அக்னிவீர் அணியிலேயே பெண்கள் இருந்தார்கள்.

பட்டம் முடித்து அதிகாரியாகச் சேர்வது இன்னொரு வழி. ஷார்ட் சர்வீஸில், அதாவது குறிப்பிட்ட சில வருஷத்துக்கு மட்டும் அதிகாரியாகப் போனால், கேரளாவில் எழிமலை கடற்படை அகாடமியில் பயிற்சி, பெரும்பாலான பிரிவுகளுக்குப் பொறியியல் பட்டம் கேட்பார்கள். அந்தப் படிப்புக்கே நாலு வருஷம் ஆகிவிடும், ஆகவே இப்போதைக்கு இதை ஓரமாக வைத்துவிடலாம்.

அப்புறம் பணம். அக்னிவீருக்கு முதல் வருஷம் மாதம் 30,000, நாலாவது வருஷம் 40,000. அதில் 30 சதவீதத்தைச் சேவா நிதிக்குப் பிடித்துக்கொள்வார்கள், முதல் வருஷம் கைக்கு வருவது 21,000. பிடித்த அளவே அரசும் போடுகிறது, நாலு வருஷ முடிவில் வட்டி இல்லாமல் 10.04 லட்சம், வட்டியோடு சுமார் 11.71 லட்சம் என்று திட்டத்தை அறிவித்தபோது கணக்குக் காட்டினார்கள். பென்ஷன் கிடையாது. பச்சைத் தேயிலை விலையை நம்பி ஒன்றரை ஏக்கரில் ஓடுகிற வீட்டுக்கு 22 வயதில் அந்தத் தொகை வருவது பெரிய விஷயம். அதை லேசாகப் பேசுகிறவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

சரி, இங்கேயே இருந்தால்? ஊட்டியிலோ கோவையிலோ டிகிரி, முறையாகவே இசை படிக்க வேண்டுமென்றால் கோவையில் அரசு இசைக் கல்லூரி, ஊரில் கச்சேரி. வருமானம் நிச்சயமில்லை, ஆசிரியர்கள் குறைவு, மழைக்காலத்தில் மண் சரிந்தால் வகுப்பே கிடையாது. இதையெல்லாம் நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் இந்த மலையின் இசை பெரும்பாலும் கூட்டத்தில் நடக்கிற இசை. படகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழாவில் ஊரே வெள்ளை உடுத்தி வட்டமாக ஆடும்போது வாசிக்கிறவன் ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டுவான், குறைப்பான். கோத்தர் பழங்குடியினரின் 'கொள்' என்கிற ஊதுகுழலும் பறையும் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் கேட்டுத்தான் கைக்கு வரும். சர்ச் கொயரில் ஆல்டோ பாடுகிற பெண்ணுக்கு மற்ற மூன்று குரலும் வேண்டும். இவற்றை ஹெட்போனில் பழக முடியாது, லீவில் வந்து முப்பது நாளில் விட்ட இடத்தில் பிடிக்கவும் முடியாது. நாலு வருஷத்தில் உங்கள் இடத்தில் வேறு ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பார், அதுவும் நியாயம்தான்.

ஆகவே என் தீர்ப்பு: தனியாகப் பாடுகிற, கிதாரோ புல்லாங்குழலோ வாசிக்கிற பிள்ளைகள், வீட்டில் பணத்தேவையும் இருந்தால், எஸ்.எஸ்.ஆர். போகலாம், இசை கெட்டுப்போகாது. காது நன்றாக இருந்து, சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் தவிக்கிறவர்கள் பேண்டுக்கு முயல வேண்டும், இங்கே காத்திருந்தால் அந்தத் திறமை வளராது. ஊர் ஆட்டத்துக்கு வாசிக்கிறவர்கள், கொயரில் பாடுகிறவர்கள், அதை விட்டுப் போனால் மனசு தாங்காது என்று உள்ளுக்குள் தெரிந்தவர்கள், இருங்கள். அப்பா திட்டினாலும் சொல்கிறேன்.

இன்னும் முடிவு வரவில்லை என்றால் அவசரப்படவும் வேண்டாம். வயது வரம்பு 21 வரை இருக்கிறது. ப்ளஸ் டூ முடித்த கையோடு போடாவிட்டால் எல்லாம் போச்சு என்று சொல்கிற கோச்சிங் ஆட்களை நம்பாமல், கல்லூரியில் சேர்ந்து ஒரு வருஷம் வாசியுங்கள், கூடவே உடம்பையும் தயார் செய்யுங்கள். ஆண்களுக்கு 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிஷத்தில் ஓட வேண்டும், பெண்களுக்கு எட்டு நிமிஷம். நம் ஏற்றத்தில், இந்த மெலிந்த காற்றில் ஓடிப் பழகியவர்களுக்குச் சமவெளியில் மூச்சு தாராளமாக வரும். வெயிலுக்கு மட்டும் தனியாகப் பழக வேண்டும், தேர்வுக்குச் சில நாள் முன்னாலேயே கீழே இறங்கிவிடுங்கள்.