லீஸ் நீட்டிப்பு: கடிதத்தில் வரும் விலையா, சட்டம் தரும் உரிமையா?

கவுன்சில் வாடகைக்காரர்களுக்கு வாங்கும் உரிமை தந்த 1980ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு லண்டன் கவுன்சில்கள் குடியிருந்தவர்களுக்கே ஃபிளாட்டுகளை விற்றபோது, பெரும்பாலும் 125 ஆண்டு லீஸ்தான், அதாவது அத்தனை ஆண்டுக்கு மட்டுமான உரிமைதான், கொடுத்தன. அப்போது முதலில் விற்கப்பட்டவை இப்போது ‘மீதம் 80 ஆண்டு’ என்ற கோட்டைத் தொட்டு நிற்கின்றன. நம்மவர்கள் கையிலும் இப்படிப்பட்ட ஃபிளாட்டுகள் இருக்கின்றன. ஒரு கட்டடத்தில் முதலில் விற்ற ஃபிளாட்டின் லீஸ் என்றைக்கு முடிகிறதோ, பின்னால் விற்றவற்றுக்கும் அதே நாளை வைக்கச் சட்டம் இடம் கொடுத்தது. எனவே 1995இல் விற்ற ஃபிளாட்டுக்கும் 1982இலிருந்தே ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கலாம். நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து எண்ணாதீர்கள். லீஸ் பத்திரத்தில் உள்ள தொடக்கத் தேதியைப் பாருங்கள்.

அந்த 80 ஏன் அவ்வளவு முக்கியம்? லீஸை நீட்டித்தால் ஃபிளாட்டின் மதிப்பு கூடுகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி, மீதமிருப்பது 80 ஆண்டுக்கு மேல் என்றால் அந்தக் கூடுதல் மதிப்பு முழுவதும் உங்களுடையது. 80க்கு இறங்கிவிட்டால் அதில் பாதி, கட்டடத்தின் நிரந்தர உரிமையாளரான ஃப்ரீஹோல்டருக்குப் போகும். இதைத்தான் ‘மேரேஜ் வேல்யூ’ என்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நீண்ட லீஸுடன் 3,00,000 பவுண்ட் பெறும் ஃபிளாட், ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் நில வாடகையான கிரவுண்ட் ரென்ட் ஆண்டுக்கு வெறும் 10 பவுண்ட். லீஸ் முடியும்போது ஃப்ரீஹோல்டருக்குத் திரும்பும் ஃபிளாட்டின் மதிப்பை இன்றைய மதிப்புக்குக் குறைக்க, மதிப்பிடும் சர்வேயர்கள் வழக்கமாக எடுக்கும் 5 சதவீதத்தில் கணக்கிட்டால், 82 ஆண்டு மீதமிருக்கும்போது நீட்டிப்புக்கு ஏறக்குறைய 5,600 பவுண்ட். 79 ஆண்டில் அதே தொகை 6,400 ஆகிறது. அப்போதைய குறைந்த லீஸுடன் ஃபிளாட்டின் மதிப்பு 2,82,000 என்று வைத்துக்கொண்டால், 18,000 வித்தியாசத்தில் அந்த 6,400 போக மிஞ்சும் 11,600தான் மேரேஜ் வேல்யூ, அதில் பாதியாக இன்னும் 5,800 பவுண்ட் அதன்மேல் ஏறும். மொத்தம் 12,200. மூன்று ஆண்டில் இரு மடங்குக்கும் மேல். சர்வேயர், சொலிசிட்டர் செலவெல்லாம் இதற்கு வெளியே.

இனி வழிகளுக்கு வருவோம். பலருக்கும் முதலில் கண்ணில் படுவது ஃப்ரீஹோல்டரோடு நேரே பேசி முடிப்பது. ஒரு கடிதம் எழுதினால் பதிலுக்கு ஒரு தொகை வரும். எளிமையாகத் தெரியும், சில நேரம் விலையும் குறைவாகவே இருக்கும். ஆனால் அந்தக் கடிதத்தில் எத்தனை ஆண்டு தருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். ‘மீண்டும் 99 ஆக்கித் தருகிறோம்’ என்றால், 81இல் இருப்பவருக்குக் கிடைப்பது 18 ஆண்டு மட்டுமே. கிரவுண்ட் ரென்ட்டையும் பாருங்கள். 2022 ஜூன் 30 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், புதிதாகச் சேரும் ஆண்டுகளுக்கு வாடகை வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் பேசி முடிக்கும் நீட்டிப்பில் பழைய லீஸின் மிச்ச ஆண்டுகளுக்குப் பழைய வாடகை தொடரலாம். அது 25 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் வாடகை என்றால், அந்தச் சுமை உங்களோடே இருக்கும்.

இதைவிடப் பெரிய குறை, இந்த வழியில் யாருக்கும் எந்தக் கெடுவும் கிடையாது. என் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 80 ஆண்டும் ஐந்து மாதமும் மீதமிருந்தபோது பேச்சைத் தொடங்கினார். முதல் பதிலுக்கு ஆறு வாரம். பிறகு அவர்களுடைய சர்வேயர் விடுப்பில் இருந்தார். அதன்பின் ‘கோப்பு வேறொருவரிடம் மாறியிருக்கிறது’ என்று ஒரு மின்னஞ்சல். ஆறாவது மாதம் புதிய விலை வந்தது, அதில் மேரேஜ் வேல்யூவும் சேர்ந்திருந்தது. சட்டப்படி அவர்கள்மேல் தவறு சொல்ல இடமில்லை. அன்றிரவு அக்கா சமையலறையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

1993ஆம் ஆண்டுச் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கும் வழியில் அந்த ஐந்து மாதம் வீணாகியிருக்காது. 42ஆம் பிரிவின் கீழ் நோட்டீஸ் கொடுத்த நாளே மதிப்பீட்டு நாள், அதற்குப் பின் எவ்வளவு இழுத்தாலும் கணக்கு நகராது. மிச்ச ஆண்டுகளோடு 90 ஆண்டு கூடும், கிரவுண்ட் ரென்ட் முழுதாக ஒழியும். ஃப்ரீஹோல்டர் எதிர் நோட்டீஸ் தரக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் கொடுக்க வேண்டும். விலையில் ஒத்துப்போகாவிட்டால் தீர்ப்பாயம் இருக்கிறது. ஃபிளாட்டை வாங்கி இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் 2025 ஜனவரி 31இல் நீங்கிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. ஃப்ரீஹோல்டரின் நியாயமான சட்டச் செலவையும் மதிப்பீட்டுச் செலவையும் நீங்கள்தான் கட்ட வேண்டும், நடுவில் பின்வாங்கினாலும் கட்ட வேண்டும். நோட்டீஸில் ஃப்ரீஹோல்டரின் பெயர் பிழையானால் அது செல்லாமலே போகலாம். எதிர் நோட்டீஸ் வந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகாவிட்டால் நோட்டீஸ் கைவிடப்பட்டதாகிவிடும், அடுத்ததற்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். இந்த வேலையில் பழக்கமுள்ள சொலிசிட்டரைப் பிடிக்கச் சொல்வது இதனால்தான். வீட்டை வாங்கித் தந்தவரே இதையும் பார்ப்பார் என்று விட்டுவிட வேண்டாம்.

மூன்று நான்கு ஃபிளாட்டாகப் பிரித்த பழைய வீடு என்றால், அண்டை வீட்டாரோடு சேர்ந்து ஃப்ரீஹோல்டையே வாங்குவது எனக்கு இன்னும் பிடித்த வழி. குறைந்தது பாதிப் பேர் சேர வேண்டும். இரண்டே ஃபிளாட் என்றால் இருவரும். வாங்கியபின் 999 ஆண்டு லீஸை உங்களுக்குள்ளேயே எழுதிக்கொள்ளலாம், கூரையை யார் பழுதுபார்ப்பது என்ற முடிவும் உங்கள் கைக்கு வரும். கவுன்சில் கட்டடங்களில் இது பெரும்பாலும் நடக்காது. மூன்றில் இரண்டு பங்கு ஃபிளாட்டாவது நீண்ட லீஸில் இருக்க வேண்டும், அங்கே கவுன்சில் வாடகைக்காரர்கள் அதிகம்.

காத்திருக்கலாமே என்பவர்கள் உண்டு. 2024ஆம் ஆண்டுச் சட்டம் 990 ஆண்டு நீட்டிப்பையும் மேரேஜ் வேல்யூ ஒழிப்பையும் எழுதிவைத்திருக்கிறது. இதை எழுதும்போது அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வரவில்லை. 95 ஆண்டு மீதமிருப்பவர் நிம்மதியாகக் காத்திருக்கலாம். ஏற்கெனவே 70க்குக் கீழே இறங்கி, விற்கும் எண்ணமும் இல்லாதவர் காத்திருப்பதிலும் நியாயம் உண்டு, ஒழிப்பு வந்தால் மிச்சமாவது பெருந்தொகை. 81, 82இல் நிற்பவரைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அவர் முதலில் நோட்டீஸைக் கொடுத்துவிட்டு, அதன்பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். நிலப் பதிவேட்டில் ஃப்ரீஹோல்டரின் பெயரைப் பார்க்கச் சில பவுண்ட்தான் ஆகும். அரசு நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் இலவசமாக வழிகாட்டும்.