செகோயாவா, டாஹோவா?

2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்த, மேக் கணினிகளுக்கான இயங்குதளமான மேக் ஓஎஸ் டாஹோவின் புதுமுகம் ‘லிக்விட் கிளாஸ்’ என்னும் கண்ணாடித் தோற்றம். முந்தைய பதிப்பான செகோயாவில் திரையின் உச்சியில் இருக்கும் மெனுப் பட்டைக்கு மெல்லிய பின்னணி உண்டு. எழுத்து அதில் ஊன்றி நிற்கும். டாஹோவில் பட்டையே கரைந்து, ‘ஃபைல்’, ‘எடிட்’ எல்லாம் வால்பேப்பர் மேல் மிதக்கின்றன. மேகக் கூட்டத்தைப் படமாக வைத்தால் மூலையில் இருக்கும் கடிகாரத்தைக் கண் தேடித்தான் பிடிக்க வேண்டும். படிக்கும் வசதியில் செகோயாவுக்கே என் ஓட்டு. நல்லவேளை, பட்டையின் பின்னணியை அமைப்புகளில் திரும்பக் கொண்டுவரலாம்.

செயலிகளை எல்லாம் திரை முழுக்கப் பரப்பிக் காட்டும் லாஞ்ச்பேட் டாஹோவில் போய்விட்டது, பழகியவர்களுக்கு இழப்புதான்.

ஆனால் கோப்புறைகள்! செகோயாவில் எல்லாம் ஒரே நீலம். டாஹோவில் வீட்டுக்கணக்குக்குப் பச்சை, குழந்தையின் படங்களுக்கு மஞ்சள், மேலே ஓர் இமோஜி. பெயரைப் படிக்குமுன்பே கை அங்கே போய்விடுகிறது. இதற்காகவே டாஹோவுக்கு மாறலாம்.